கோல்ஃப் விளையாட்டுதானா? கடலூர், புதுச்சேரி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பி.டி. சார்களுக்கும் டீச்சர்களுக்கும், வணக்கம்.

கோல்ஃபை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்ள முடியாது என்று உங்களில் பலர் பேசிக் கேட்டிருக்கிறேன். ஓடுவதில்லை, தாவுவதில்லை, எதிராளியோடு மோதுவதில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு புல்வெளியில் நடந்து பந்தைத் தட்டுகிறவர் எப்படி விளையாட்டு வீரர் ஆவார் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பதிலோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பதில் கோல்ஃபோடு நின்றுவிட்டால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அது நம் பள்ளிப் பிள்ளைகள் மேல் வந்து விழுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கடலூர்க்காரன். மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஓடி வளர்ந்தவன். இப்போது புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் பெங்களூரில் இருந்தேன். அங்கே கோல்ஃப் ஆடுகிறவர்களும், அவர்களுடைய பையைச் சுமக்கும் கேடிகளும் முதுகு வலி, மணிக்கட்டு வலி என்று வருவார்கள். அவர்களைத் தொட்டுப் பார்த்து வேலை செய்தவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். விளையாட்டு விழாவில் பேச, பிடித்த வீராங்கனை ஒருவரைத் தேர்ந்தெடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கைப் பற்றி எழுதிக்கொண்டு போனாள். "இது பணக்காரங்க பொழுதுபோக்கும்மா, நிஜமா விளையாடுறவங்க யாரையாவது எழுதிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பள்ளி, யார் என்பது இங்கே முக்கியமில்லை. சொன்னவரிடம் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. ஆனால் அவள் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, இணையத்தில் கிடைத்த வேறொரு பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உங்கள் பக்கம் உண்மை இருக்கும் இடத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கோல்ஃப் கொடுக்கும் வேலை, கபடியோ 800 மீட்டர் ஓட்டமோ கொடுக்கும் வேலைக்குப் பக்கத்தில்கூட வராது. 30 விநாடிக்குள் பாடிக்கொண்டே போய்த் தொட்டுத் திரும்பும் ரெய்டருக்கு வாங்கும் மூச்சு கோல்ஃப் ஆடுகிறவருக்கு வாங்காது. மைதானத்தில் உள்ள 18 குழிகளிலும் பந்தைப் போட்டு, நடந்தே முடித்தால் எட்டு, பத்து கிலோமீட்டர் ஆகும். அது ஒரு நல்ல நடை, அவ்வளவுதான். 2009இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் 59 வயது டாம் வாட்சன், பந்தை இன்னும் ஒரு தட்டில் குழிக்குள் போட்டிருந்தால் பட்டம் என்ற நிலை வரை வந்து, கூடுதல் ஆட்டத்தில்தான் தோற்றார். 59 வயதில் யாரும் கபடியில் அந்த உயரத்துக்கு வர முடியாது. இதையெல்லாம் மறைத்துவிட்டு கோல்ஃபுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை.

இதே கேள்வி ஒருமுறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கேசி மார்ட்டின் என்பவர் டைகர் உட்ஸோடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் ஆடியவர். பிறவியிலேயே வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு. நீண்ட தூரம் நடந்தால் எலும்பே முறியும் ஆபத்து இருந்தது. போட்டிகளில் சின்ன வண்டியில் போக அனுமதி கேட்டார். தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூர் அமைப்பு மறுத்தது. நடப்பதும் அதனால் வரும் களைப்பும் ஆட்டத்தின் பகுதி, அதை நீக்கினால் ஆட்டமே மாறிவிடும் என்றது. பெரிய ஆட்டக்காரர்கள் சிலரும் அந்தப் பக்கம் சாட்சி சொன்னார்கள். 2001இல் ஏழு நீதிபதிகள் மார்ட்டின் பக்கமும், இரண்டு பேர் எதிர்ப்பக்கமும் நின்றார்கள். பந்தை அடிப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர், நடை அல்ல என்று தீர்ப்பு வந்தது.

நடை அவசியமில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதே, அப்புறம் அதில் விளையாட்டு எங்கே இருக்கிறது என்று இந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. நான் அதை நேர் எதிராக வாசிக்கிறேன். ஆட்டத்தின் திறமை எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு கை நீட்டிக் காட்டிவிட்டது. அது கால் நடக்கும் நாலரை மணி நேரத்தில் இல்லை. மட்டை கீழே இறங்கிவரும் கால் விநாடியில் இருக்கிறது.

அந்தக் கால் விநாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தொழில் அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டையைப் பின்னால் தூக்கும்போது தோள்கள் கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்புகின்றன. இடுப்பு அதில் பாதிதான் திரும்புகிறது. நடுவில் உள்ள தசைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும். கீழே வரும்போது முதலில் அசைவது இடுப்பு. அதற்குப் பின் உடற்பகுதி, பிறகு கை, கடைசியில் மட்டை. பாதம் தரையை அழுத்தியதில் பிறந்த விசை வரிசையாக மேலேறி, மட்டையின் நுனியில் போய்ச் சேருகிறது. ஆண்களில் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களின் மட்டை நுனி மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கும். 46 கிராம்கூட இல்லாத பந்தை அது தொட்டிருப்பது அரை மில்லி விநாடி. அந்த நேரத்தில் மட்டையின் முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் போதும், 200 மீட்டருக்கு அப்பால் பந்து மூன்றரை மீட்டர் விலகிப் போயிருக்கும். அப்படி அடித்துக்கொண்டே போய், கடைசியில் 10.8 சென்டிமீட்டர் அகலமுள்ள குழிக்குள் அதே பந்தை மெதுவாக உருட்டிவிட வேண்டும். முழு வேகத்தையும் மிக மென்மையான தொடுதலையும் அடுத்தடுத்து ஒரே உடலிடம் கேட்கும் ஆட்டங்கள் அதிகமில்லை.

இதற்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு. அந்த வீச்சில் இடுப்பு முதுகெலும்பின் மேல் இறங்கும் அழுத்தம் உடல் எடையைப் போல எட்டு மடங்கு வரை போகிறது என்று அளந்திருக்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களை அதிகம் படுத்துவது இடுப்பு வலிதான். டைகர் உட்ஸுக்கு 2017இல் முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அது முதுகில் நடந்த நாலாவது அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு 2019இல் 43 வயதில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். 2008 யு.எஸ். ஓப்பனில் காலெலும்பில் முறிவோடும் முட்டியில் கிழிந்த தசைநாரோடும் 91 குழிகள் ஆடி ஜெயித்தார். பொழுதுபோக்குக்காக நடக்கிறவருக்கு இப்படி ஆகாது.

சரி, வேகமும் முறுக்கும் இருந்தால்தான் விளையாட்டா? அசையாமல் நிற்பது விளையாட்டு ஆகாதா? இந்தக் கேள்விக்கான பதிலை நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்கள். இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று பெருமையாகப் பிள்ளைகளிடம் சொல்கிறோம். வளர்ந்தது குஜராத்தில் என்றாலும் நம் ஊர்ப் பெண் என்று உரிமை கொண்டாடுகிறோம். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் துப்பாக்கி ஏந்தியவர். அவர் ஆடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அவர் ஓடுவதில்லை. மூச்சை அடக்கி, இதயத் துடிப்புக்கு நடுவே விசையை இழுக்கிறார். அவரை விளையாட்டு வீராங்கனை அல்ல என்று நம்மில் ஒருவரும் சொல்லமாட்டோம். அப்படியானால் வியர்வையை அளவுகோலாக வைத்து அதிதியை மட்டும் வெளியே நிறுத்துவது என்ன நியாயம்?

அதிதி செய்ததை இன்னொருமுறை நினைத்துப் பாருங்கள். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர் டோக்கியோவுக்குப் போனார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கொரோனா வந்து உடல் தளர்ந்திருந்தது. பந்து முன்போலத் தூரம் போகவில்லை. மற்றவர்கள் அவரைவிட எவ்வளவோ தூரம் அடித்தார்கள். அந்தக் குறையைக் குழிக்குப் பக்கத்து ஆட்டத்தால் சரிக்கட்டி, நான்கு நாள் வெயிலில் 72 குழிகள் ஆடினார். கடைசி நாளை இரண்டாம் இடத்தில் தொடங்கி, நாலாவதாக முடித்தார். பந்தைக் குறைந்த தடவை அடித்து முடிப்பவரே வெல்லும் ஆட்டம் இது; ஒரே ஒரு அடி கூடியதால் வெண்கலம் நழுவியது. 2021 ஆகஸ்ட் 7. அன்று சாயங்காலமே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியதால் அந்தக் காலை மறந்துபோயிற்று. ஒரு நோய் உடலைத் தளர்த்தியதும் ஆட்டம் எப்படி மாறியது என்று பார்த்தாலே, இந்த விளையாட்டில் உடலுக்கு என்ன வேலை என்பது புரிந்துவிடும்.

புதுச்சேரி ஆசிரியர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்களிடம் பெத்தாங் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களில் தாத்தாவும் பேரனும் ஒன்றாக நின்று இரும்புக் குண்டு எறிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். முக்கால் கிலோ எடையுள்ள குண்டை எட்டு மீட்டர் தள்ளி, எதிராளியின் குண்டு மேலேயே நேராக விழவைத்து அதைத் துரத்துவதற்கு எத்தனை வருடக் கைப்பழக்கம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில் இந்த ஆட்டம் பிறந்ததற்குக் காரணமே மூட்டு வாதத்தால் ஓட முடியாமல் போன ஒரு ஆட்டக்காரர்தான். மூன்று எட்டு ஓடிவந்து எறியும் பழைய ஆட்டத்தை அவருக்காக மாற்றி, நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று வைத்தார்கள். இன்று தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அதற்குப் பதக்கம் கொடுக்கிறார்கள்.

பணக்காரர் ஆட்டம் என்ற குற்றச்சாட்டில் எனக்குப் பாதி சம்மதம். இன்று நம் நாட்டில் அது அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஆட்டம் பிறந்தது அப்படி அல்ல. ஸ்காட்லாந்தில் கடலோர மணல்மேடுகளில் சாதாரண மக்கள் ஆடியது அது. வில் பயிற்சிக்கு வராமல் எல்லோரும் இதிலேயே கிடக்கிறார்கள் என்று 1457இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கால்பந்தோடு சேர்த்து இதையும் தடை செய்தது. புகழ்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் இன்றும் பொதுச்சொத்துதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர்மக்கள் அதில் உலாவுகிறார்கள். இங்கேயும் அலி ஷேர் இருக்கிறார்: டெல்லியில் அடுத்தவர் பையைச் சுமந்த கேடி, 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார், 1993இல் மறுபடியும் வென்றார். கதவு மூடியிருப்பது விளையாட்டின் குணத்தால் அல்ல, அதை நடத்துகிறவர்களால். அதை விமர்சியுங்கள், நானும் கூட வருகிறேன். ஆட்டக்காரரின் திறமையை மட்டும் அதற்காகக் குறைக்காதீர்கள்.

கடலூரிலோ புதுச்சேரியிலோ கோல்ஃப் மைதானம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும் கடலோரம் இது. புல் வளர்க்கத் தண்ணீர் இறைக்கும் இடம் இதுவல்ல.

நான் கேட்பது பி.டி. பீரியடில் ஒரு மூலை. ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்கு கபடி, வாலிபால், ரிலே எல்லாம் இருக்கிறது. மீதிப் பேர் என்ன செய்கிறார்கள்? உடல் பருத்த பையன், இளைப்பு உள்ள பெண், கால் கொஞ்சம் இழுத்து நடக்கும் பிள்ளை எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் வாட்ச்சையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குறிபார்த்து ஆடும் விளையாட்டுகள் அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வாசல். தீக்ஷா டாகருக்குச் சின்ன வயதிலிருந்தே காது கேளாது. செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் கோல்ஃபில் தங்கம் வாங்கினார், டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். அவரையும் யாரோ ஒருவர் முதலில் மைதானத்துக்குள் விட்டிருக்கிறார்.

செலவு பெரிதாக ஆகாது. சுண்ணாம்பில் வட்டம் போட்டு டென்னிஸ் பந்தைத் தரையில் உருட்டி நடுவில் நிறுத்தச் சொல்லலாம். பழைய ஹாக்கி மட்டை இருந்தால், மண்ணில் 10.8 சென்டிமீட்டர் குழி தோண்டி மூன்று மீட்டர் தள்ளி இருந்து தட்டச் சொல்லலாம். புதுச்சேரியில் பெத்தாங் ஆடும் பெரியவர்களை ஒருநாள் பள்ளிக்கு அழைத்துப் பாருங்கள். கிட்டிப்புள் ஆடிய கைகளுக்கு இதெல்லாம் ஒன்றும் புதிதில்லை. புள்ளைக் கிளப்பி அந்தரத்தில் அடிக்கும்போது இடுப்பும் தோளும் திரும்புவது கோல்ஃப் வீச்சின் சின்னத் தம்பிதான். மதிப்பெண் எழுதும்போது வேகத்துக்கும் தூரத்துக்கும் கொடுக்கும் இடத்தில் குறிக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். பேச்சுப்போட்டிக்குப் பிள்ளை யாரைத் தேர்ந்தெடுத்து வந்தாலும், அவர் ஆட்டத்தைப் பற்றி அவளிடமே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல வேண்டி அவள் இன்னும் நாலு பக்கம் படித்துவிட்டு வருவாள்.

சனிக்கிழமைகளில் பிற்பகல் எனக்கு ஓய்வு. உடம்பைத் திருப்பி எறியும், வீசும் ஆட்டங்களுக்கு முன்னால் இடுப்பையும் தோளையும் எப்படித் தயார்ப்படுத்துவது, எந்த வலியைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, கடலூர்ப் பக்கமோ புதுச்சேரிப் பக்கமோ எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். அரசுப் பள்ளி என்றால் முதலில் வருவேன்.

அன்புடன்,
கடலூரில் பிறந்த, புதுச்சேரியில் வேலை செய்யும் ஒரு பிசியோதெரபிஸ்ட்