ஆற்றங்கரையில் ஒரு காலைப்பொழுது

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் மகளுக்குச் சுகப்பிரசவம் என்று எழுதியிருந்தாய், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மூட்டுவலி கொஞ்சம் தேவலை. சரி, "இந்த வருஷம் வைகைத் தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போய்விட்டது" என்று ஒரு வரி எழுதினாயே, அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தை அமாவாசைக்குத் தேவிபட்டினத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, அப்படியே ஆற்றங்கரைக்குப் போனேன். வைகை கடலில் சேரும் ஊர். வைகை போய் விழும் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தால்தான் அங்கே ஆற்றுத் தண்ணீரைப் பார்க்கலாம். மற்ற நாளில் கடல்தான் உள்ளே வந்துபோகும், தினம் இரண்டு தடவை.

தண்ணீரில் ஒரு தேங்காய் மட்டை கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. போகப் போக வேகம் குறைந்து, ஓரிடத்தில் நின்று லேசாகச் சுற்றியது. அப்புறம் வந்த வழியே திரும்பியது. கடல் ஏற்றம் தொடங்கிவிட்டது! பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. நிலம் மட்டமாகக் கிடப்பதால் அதுவே வெகுதூரம் ஏறிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமிக்குக் கூடும். அட்டமி, நவமிப் பக்கம் அடங்கும். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும்.

வலை வீசிக்கொண்டிருந்த பெரியவர் மேல்தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். லேசான உவர்ப்பு. பிறகு முங்கி, அடியிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து வந்தார். நாக்கில் வைக்க முடியவில்லை, அத்தனை கரிப்பு. உப்புத் தண்ணீர் கனம், அது அடியில் நுழைகிறது. நல்ல தண்ணீர் அதன் மேலேறி வெளியே போகிறது. இரண்டும் கலக்கும் அந்த இடத்தில்தான் இறால் குஞ்சும் மடவை மீன் குஞ்சும் வளர்கின்றன.

ஆறு வராத வருஷம் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தைத் தூர்த்துவிடுமாம். உள்ளே தேங்கியது வெயிலில் காய்ந்து, கடலைவிட உப்பாகிவிடும். அப்புறம் எந்தக் குஞ்சு பிழைக்கும்? இந்த முறை மறுகால் தண்ணீர் மணலை அறுத்துப்போன இடத்தைப் பெரியவர் கை நீட்டிக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆண்டிபட்டிப் பக்கம் காய்ந்த காட்டை வைத்துக்கொண்டு நீ வருத்தப்படுவது நியாயம்தான். அங்கேயும் தண்ணீர் வேண்டும். ஆனால் இங்கே வந்து சேர்ந்ததை வீண் என்று மட்டும் சொல்லாதே மாப்பிள்ளை.

மாசிப் பௌர்ணமிக்கு முதல் நாளே பஸ் ஏறிவிடு. மறுகால் அதற்குள் நின்றுவிடக் கூடாதே என்றுதான் கவலை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்