உதவித்தொகை போய்ச் சேரும் கணக்கு

ஆசிரியருக்கு,

பொறியியல் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான) உதவித்தொகை, ஆதார் எண் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு சேர்ந்ததோ அங்கேதான் போகும். அது பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்காக இருந்து, இப்போது முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிவிடும். வங்கியில் ‘ஆதார் கொடுத்தாச்சே’ என்பார்கள். அது கேஒய்சிக்கு, அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பதற்கு மட்டும் இருக்கலாம். எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று தேசியப் பணப்பட்டுவாடா கழகம் வைத்திருக்கும் பட்டியலில் (என்பிசிஐ மேப்பர்) ஏறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டாலே எந்த வங்கி என்று தெரியும். சேர்க்கை வாரத்திலேயே கல்லூரிகள் இதைப் பார்த்துக் கொடுக்கலாமே!

ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய் என்பதும் உயர வேண்டும். அப்பாவுக்கு மாதம் 21,000 ரூபாய் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 2.52 லட்சம். வெறும் 2,000 ரூபாய் கூடியதற்காக, கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு மொத்த உதவியும் நின்றுபோகிறது.

– கல்லூரி உதவித்தொகைப் பிரிவு ஊழியர்கள், திருச்சி