கடைக்காரர் சொன்ன பெயரை விட்டுவிட்டு அதன் பின்னங்காலைப் பார்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் சுகம். சோளகம் தொடங்கிவிட்டது, முற்றத்து வேம்பு நாள் முழுக்கச் சருகு கொட்டுகிறது. அப்பாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது பிள்ளை நிமிடத்துக்கு ஒருதரம் ஓடிவந்து தன் பச்சோந்தியைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய சந்தோசத்தைக் கெடுக்க மனம் வராமல் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐந்து படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பாந்தர் என்ற இனம், ஆண், நிறம் பிறகு வரும் என்று கடையில் சொல்லித் தந்தார்கள் என்றாய். என் கண்ணுக்கு அது பாந்தர் இல்லை, வெயில்ட் என்ற வேறு பச்சோந்தி இனம். அதுவும் பெண். பெண் வெயில்டுக்கு ஆணின் துணை இல்லாமலே வயிற்றில் முட்டை வைக்கும். அதை இட மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரே போய்விடக்கூடும். நான்கு ஐந்து மாதத்திலேயே சிலது முட்டைக்குத் தயாராகிவிடும். உன்னிடம் இருப்பது அந்த வயதுதானே?

நான் படிப்பித்த பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் போமலின் போத்தல் ஒன்றுக்குள் பச்சோந்தி ஒன்று இருந்தது, உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் என்னோடு வரும்போதெல்லாம் அந்த மேசையை விட்டு நகரமாட்டாய். எத்தனையோ வருடம் ஊறி அதன் நிறம் முழுக்கப் போய், வெளிறிய மெழுகு மாதிரி ஆகிவிட்டது. உயர்தர விலங்கியல் பிள்ளைகளுக்கு அதைத்தான் வரையக் கொடுப்பேன். நிறம் ஒன்றும் மிச்சமில்லாததால் அவர்கள் எலும்பையும் செதிலையும் விரலையும் வடிவாகப் பார்த்தே ஆகவேண்டும். முன்காலில் உள்பக்கம் மூன்று விரல், வெளிப்பக்கம் இரண்டு. பின்காலில் அது மாறி உள்ளே இரண்டு, வெளியே மூன்று. இதை எண்ணிப் பார்த்து எழுதிய பிள்ளை அதற்குப் பிறகு வேலி ஓணானைப் பச்சோந்தி என்று சொல்லவே மாட்டாது. எங்கள் ஊரில் கழுத்துச் சிவக்கிற ஓணானையும் பலர் பச்சோந்தி என்றுதான் சொல்கிறார்கள். ஓணானுக்கு ஐந்து விரலும் தனித்தனி, வாலைச் சுருட்டிக் கொப்பைப் பிடிக்கவும் அதற்குத் தெரியாது.

நீயும் அந்தப் போத்தலை நினைத்துக்கொண்டு, நிறத்தை மறந்துவிட்டு உன் பச்சோந்தியைப் பார். நிறம் நேரத்துக்கு நேரம், சூட்டுக்கும் பயத்துக்கும் மாறும். விற்கிறவர்கள் அதை வைத்துத்தான் கதை சொல்வார்கள்.

முதலில் தலை. வெயில்ட் என்றால் முக்காடு போட்டது என்று அர்த்தம். உச்சியில் எலும்பு கூம்பாக எழும்பி நிற்கும். வளர்ந்த ஆணில் அது இரண்டு அங்குல உயரம் வரை போகும். குஞ்சிலும் பெண்ணிலும் பதிவாகத்தான் இருக்கும், அதனால்தான் ஏமாறுகிறார்கள். ஆனால் பதிவாக இருந்தாலும் பின்னந்தலை மேல்நோக்கி எழும்புவது பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். பாந்தரின் தலை தட்டையாகப் பின்னால் போய் முடியும். அதன் மேடு மூக்கில் இருக்கிறது: இரண்டு கண்ணுக்கு மேலிருந்தும் வருகிற விளிம்புகள் மூக்கு நுனியில் முன்னே துருத்திக்கொண்டிருக்கும். உன் மூன்றாவது படத்தில் மூக்கு வழவழவென்று சரிந்து இறங்குகிறது.

அடுத்து தாடை. வெயில்டின் தாடைக்குக் கீழே கூர்ச்செதில்கள் நீளமாகத் தொங்கும், எங்கள் வீட்டுத் திருவலையின் பற்களைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. பாந்தரில் அது குட்டையாக இருக்கும். நீ எடுத்த படங்களில் எனக்கு முழு நம்பிக்கை தந்தது இந்தத் தாடைதான். பாந்தரின் விலாவில் நீளவாக்கில் வெளிறிய கோடு ஒன்று போகும் என்பதையும் சொல்லலாம், ஆனால் அது நிறம் சார்ந்தது, அதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

இனம் தெரிந்த பிறகுதான் ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறக்கூடாது, ஏனென்றால் ஒரே அடையாளம் இனத்துக்கு இனம் வேறு அர்த்தம் கொள்ளும். வெயில்ட் ஆணுக்குப் பின்பாதத்தின் பின்பக்கம், சேவலின் கால் முள் இருக்கிற இடத்தில், சின்னச் சதை முள் ஒன்று இருக்கும். முட்டையிலிருந்து வரும்போதே அது உண்டு, வளர்ந்தபிறகு வரும் என்ற பேச்சுக்கு இடமில்லை. பாந்தரில் ஆணுக்கும் அந்த முள் கிடையாது. அங்கே வாலின் அடி தடித்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆக, பாந்தர் என்று நம்பிக்கொண்டு காலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில்ட் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் உடனே விடை கிடைக்கும். உன் நான்காவது படத்தில் இடது பின்னங்காலில் முள் இல்லை.

ஆபிரிக்காவிலிருந்து பிடித்து அனுப்புகிற பச்சைப் பச்சோந்திகளிலும் இதே சிக்கல்தான். செனகல், கிரேஸ்புல் என்ற இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கிரேஸ்புல் ஆணுக்குக் கால் முள் உண்டு, செனகல் ஆணுக்கு இல்லை. பிளாப்நெக் என்பதற்குப் பின்னந்தலையில் யானைக் காது மாதிரி இரண்டு மடல், கோபம் வந்தால் அதை விரித்துக் காட்டும்.

பிள்ளை அடுத்ததாக மூன்று கொம்புப் பச்சோந்தி கேட்கிறாள் என்றாய். ஜாக்சன் கமீலியனைச் சொல்கிறாள் போல. கொம்பை மட்டும் வைத்து அதையும் முடிவுசெய்ய முடியாது. ஜோன்ஸ்ரன் என்ற இன்னொரு இனத்தின் ஆணுக்கும் மூன்று கொம்பு. ஜாக்சனின் முதுகில் வாள்ப்பல் மாதிரி வரிசை இருக்கும், ஜோன்ஸ்ரனின் முதுகில் அது இல்லை. ஜாக்சன் குட்டி போடும், மற்றது முட்டையிடும். கடைகளில் அதிகம் வருகிற பெரிய ஜாக்சன் வகையில் பெண்ணுக்குக் கொம்பே இருக்காது. கென்யா மலைக் குளிரில் பிறந்த சாதி அது, வெயில்டுக்குப் போடுகிற சூட்டை அதற்குப் போட்டால் தாங்காது. இப்போதைக்கு வேண்டாம் ராசா. இருப்பதை முதலில் பார்ப்போம்.

பாந்தருக்குரிய காசைக் கொடுத்திருக்கிறாய், அது எனக்கும் நோகிறது. போய்க் கேட்பது உன் விருப்பம். பாந்தர் மடகஸ்கார்க் காடு, வெயில்ட் யேமன், சவூதி மலைச்சரிவு. அம்பிலோபே, நோசி பே என்று ஊர்ப்பெயர் வைத்துப் பாந்தரை விற்பார்களே, அந்த நிற வித்தியாசம் ஆண்களில்தான் தெரியும், பெண்கள் எல்லாம் மங்கலான ஒரே சாயல்தான். திரும்ப அங்கே போனால் இதையும் மனதில் வைத்துக்கொள்.

சின்ன வயதில் மன்னார்ப் பக்கம் போகும்போது வீதியோரப் பற்றையில் பார்த்தோமே, அது மாதிரியே இருக்கிறது என்றாய். பிழையில்லை. எங்கள் நாட்டுப் பச்சோந்தியும் வெயில்டும் கமீலியோ என்ற ஒரே பேரினம். அன்று அதைக் கையில் எடுக்க நீ அழுததும், இது காட்டுக்குச் சொந்தம், பிடித்தால் சட்டப்படி குற்றம் என்று அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு போனதும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த ஆசையைத்தான் இப்போது உன் மகளுக்கு நிறைவேற்றுகிறாய் என்று எனக்கு விளங்குகிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு அடி ஆழமான வாளியோ பெட்டியோ எடு. கழுவிய மணலை ஈரமாக்கி நிரப்பு. விரலால் துளைத்தால் துளை இடிந்து விழாத அளவு ஈரம் போதும். கூட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் வை. அது அமைதியில்லாமல் கீழே இறங்கி அலைந்தாலோ, கரும்பச்சை உடம்பில் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளி வந்தாலோ நாள் நெருங்கிவிட்டது. மண் தோண்டத் தொடங்கினால் கூட்டை ஒரு துணியால் மறைத்துவிடு, ஆட்கள் நின்று பார்த்தால் பாதியில் விட்டுவிடும். பிள்ளையிடம் இதை முன்கூட்டியே சொல்லிவை, அவள்தான் எட்டிப்பார்ப்பாள். சாப்பிடாமல், பகலில் கண்ணை மூடிக்கொண்டு நிலத்தில் கிடந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போ, ஊர்வன பார்க்கிறவராக இருக்க வேண்டும்.

சாப்பாட்டையும் அளவோடு கொடு. வெட்டுக்கிளிக்குக் கல்சியத் தூள் தடவிக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள், அதை விடாதே. அதிகம் தீனி போட்டால் முட்டையும் அதிகமாகும். வெயில்ட் ஒரு தடவைக்கு 30, 40 முட்டை சாதாரணமாக இடும், அதைவிடக் கூடவும் இடும். அவ்வளவும் அந்தச் சின்ன உடம்பிலிருந்துதான் போக வேண்டும்.

நாளைக்கே இரண்டு படம் எடுத்து அனுப்பு: ஒன்று பின்னங்கால் இரண்டையும் பின்பக்கமாக, மற்றது தலையைப் பக்கவாட்டில். வெளிச்சம் சன்னலிலிருந்து வரட்டும், பிளாஷ் போடாதே. மணல் வாளி வைத்ததும் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. பிள்ளை அதற்கு ராஜா என்று பேர் வைத்திருக்கிறாள். பெண் என்று அவளுக்கு நீயே சொல்லு, பேரை மாற்றுவதா இல்லையா என்று அவளே முடிவுசெய்யட்டும்.

அன்புடன்,
அம்மா