ஜோடியில்லாத படம்

ஃபீனிக்ஸ்,
தென்னாப்பிரிக்கா,
ஞாயிறு மாலை

அன்புள்ள குண்டு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மூட்டுவலி என்று சாக்குச் சொல்லலாம், சோம்பல்தான். போன சனிக்கிழமை மகள் என்னை டர்பனில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

க்ளென்வுட் பக்கம் ஒரு சின்ன கேலரி. இரண்டே பேருடைய படங்கள். ஒருவன் நம் ஃபீனிக்ஸ் பையன், மற்றவள் பக்கத்து இனாண்டாவின் ஜூலுப் பெண். அவன் தைப்பூசக் காவடியை எடுத்திருப்பான், அவள் ஜனவரியில் வெறுங்காலோடு மலைக்கு நடக்கிற ஜூலுக்களின் ஷெம்பே கிறிஸ்தவ சபைக் கூட்டத்தை எடுத்திருப்பாள் என்று நினைத்துத்தான் நுழைந்தேன். நேர்மாறு! காவடி அவளுடையது, மலை இவனுடையது.

முதல் சுவரில் காலுக்குக் கால் ஜோடி. ஒன்றில் வெடித்த குதிகால், மஞ்சள் தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம், விரலிடுக்கில் ஒரு சாமந்தி இதழ். பக்கத்தில் கணுக்கால்வரை செம்மண் ஏறிய கால். எல்லாரும் ஆகா என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. 2021 ஜூலைக் கலவரத்தில் கொள்ளைக்குப் பயந்து நம் தெருமுனையில் டயரைப் போட்டு வழி மறித்தோமே, அந்த வாரம் ஃபீனிக்ஸில் 30 பேருக்கு மேல், பெரும்பாலும் கறுப்பர்கள், செத்தார்களே! ஒரு ராத்திரி கிரிக்கெட் மட்டையோடு நானும் நின்றேன். உன்னிடம் சொன்னதில்லை. அதன்பிறகு இரண்டு காலை ஒரே சட்டத்தளவில் மாட்டிவிட்டால் ஆயிற்றா?

பையன் பாவம், எல்லாரையும் முதுகுப்புறமிருந்தே எடுத்திருக்கிறான். வெள்ளை அங்கி, குடை, முதுகு. கூச்சமோ பயமோ. இசிப்பிங்கோவில் பிறந்த ரஞ்சித் காலி, செருப்புத் தொழிற்சாலை ஆள், ஆறு பென்சுக்கு வாங்கிய பழைய கேமராவில் கற்றுக்கொண்டவர், பிறகு ‘ட்ரம்’ பத்திரிகைக்காரராகி விடுதலைப் போராட்டத் தலைவர் லுதூலியை முகத்துக்கு முகம் நின்று எடுத்தார். அந்தத் துணிச்சல் இவனுக்கு இன்னும் வரவில்லை.

அவளுக்கு வந்திருக்கிறது. கடைசிச் சுவரில் ஒரே ஒரு படம், ஜோடியில்லாமல். கோயிலின் பின்கட்டு. அன்னதானம் முடிந்து, அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்க்கிற ஒரு ஜூலு அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். முழங்கைவரை சாம்பார் எண்ணெய், பக்கத்தில் கழுவாத கரண்டிகளின் குவியல். அண்டாவின் விளிம்பில் வெட்டியிருக்கிற பெயர் என் அப்பாவுடையது, குண்டு! நம் கோயில்தான். அவளை எனக்குத் தெரியும். இருபது வருடமாகக் காவடியன்று எதிரில் நடக்கிறாள். ‘மம்மா, தள்ளு’ என்பதைத் தவிர வேறெதுவும் அவளிடம் பேசியதில்லை. பெயரும் தெரியாது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன், கேட்க வேண்டும். வெட்கமாயிருக்கிறது.

லெனேசியாவில் குளிர் எப்படி? தைப்பூசத்துக்கு வந்துவிடு. மாங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் உனக்கென்று வைத்திருக்கிறேன், உன் தங்கைக்குத் தெரியவேண்டாம்.

உன்,
ஒல்லிக்குச்சி