விருந்தினர் இயங்குதளம் ஹைப்பர்வைசரோடு பேசும் முறையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், ஒரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினியான மெய்நிகர் கணினி பற்றி வந்த கட்டுரையை எங்கள் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து வாசித்தேன். நிறுவும் முறை தெளிவாக இருந்தது. ஆனால் உள்ளே இயங்கும் விருந்தினர் இயங்குதளம், வன்பொருளைப் பங்கிட்டுத் தரும் ஹைப்பர்வைசரோடு எப்படிப் பேசுகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே செடெனாக்கில் தரவு மையங்கள் எழும்பிவரும் இந்நாளில், கூலாய் வட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே பொறுப்பான வேலைக்குப் போக வேண்டுமானால், பொத்தானை அழுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது.

மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்86 வகையின் பழைய செயலிகளில் ஒரு சிக்கல் இருந்தது. சாதனங்கள் செயலியின் கவனத்தை ஈர்க்க அனுப்பும் குறுக்கீடுகளை நிறுத்தவோ அனுமதிக்கவோ பயன்படும் பாப்எஃப் போன்ற சில கட்டளைகள், உரிய அதிகாரம் இல்லாத நிலையில் இயக்கப்பட்டால் பிழை எழுப்பாமல் ஓசையின்றிப் புறக்கணிக்கப்பட்டன. ஆகவே அவற்றை இடைமறித்துக் கையாள ஹைப்பர்வைசருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003-இல் அறிமுகமான ஸென் என்னும் ஹைப்பர்வைசர், விருந்தினரின் கெர்னலையே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியையே திருத்திவிடும் பாராவிர்ச்சுவலைசேஷன் வழியைக் கையாண்டது. தான் மெய்நிகர் கணினியில் இருப்பதை அறிந்த அந்தக் கெர்னல், நினைவக முகவரிகளைக் குறித்துவைக்கும் பக்க அட்டவணையை மாற்ற வேண்டியபோது தானே எழுதாமல், ஹைப்பர்வைசரை நேரடியாக அழைக்கும் ஹைப்பர்கால் வழியாக அனுமதி கேட்டது. பல மாற்றங்களைத் திரட்டி ஒரே அழைப்பில் அனுப்பவும் அதனால் முடிந்தது.

2005-இல் இன்டெலும் 2006-இல் ஏஎம்டியும் செயலியிலேயே மெய்நிகராக்க ஆதரவைத் தந்த பிறகு, கெர்னலைத் திருத்தும் கட்டாயம் பெரும்பாலும் நீங்கியது. எனினும் வலையட்டை, வட்டு ஆகியவற்றின் வேகத்துக்கு, விருந்தினர் அறிந்தே ஒத்துழைக்கும் இந்தப் பாராவிர்ச்சுவலைசேஷன் வழியே இன்றும் துணை. உண்மையான அட்டையைப் போல நடிக்கும் மென்பொருள் அட்டையின் பதிவேட்டில் விருந்தினர் எழுதும்போதெல்லாம் கட்டுப்பாடு ஹைப்பர்வைசருக்குத் தாவி, வேலை முடிந்து திரும்ப வேண்டியிருக்கிறது. ஆனால் லினக்ஸ் நிரலாளர் ரஸ்டி ரஸல் வடிவமைத்த விர்டியோ என்னும் மெய்நிகர் சாதன முறையில் இரு தரப்பும் நினைவகத்தின் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. அனுப்ப வேண்டிய தரவின் முகவரிகளை விருந்தினர் ஒரு வளையத்தில் வரிசையாக வைத்துவிட்டு ஒரு முறை அறிவிக்கிறது. மறுதரப்பு அவற்றை எடுத்து முடித்து, இன்னொரு வளையத்தில் குறித்துவிட்டுக் குறுக்கீடு வழியே தெரிவிக்கிறது. வேகத்தின் இரகசியம் முழுவதும் இந்தத் தாவல்கள் குறைவதில்தான் இருக்கிறது.

இதை அறியாதவர் எங்கே தடுமாறுவார் என்பதை எங்கள் வகுப்பிலேயே பார்க்கலாம். விர்டியோ வட்டைத் தேர்ந்து விண்டோஸ் 10-ஐ நிறுவத் தொடங்கினால், நிறுவும் திரையில் வட்டு எதுவும் தென்படாது. வட்டு கெட்டுவிட்டது என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலில் 2008 முதல் உள்ள, இந்த வட்டை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் விண்டோஸ் நிறுவியில் இல்லை என்பதே காரணம். டிரைவர் அடங்கிய, சிடியின் நகலான ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடியாக இணைத்து, அதிலுள்ள வியோஸ்டோர் என்னும் கோப்புறையைக் காட்டியதும் வட்டு தோன்றிவிடும். காரணம் தெரிந்த மாணவர் அடுத்த முறை யாரையும் கேட்பதில்லை.

இதற்கு விலையுயர்ந்த சாதனம் எதுவும் தேவையில்லை. மெய்நிகராக்க ஆதரவுள்ள பழைய கணினியும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸும் போதும். ஆகவே ஹைப்பர்கால், விர்டியோ வளையங்கள், விருந்தினரின் நினைவகத்தை ஹைப்பர்வைசருக்குத் திருப்பித் தரும் பலூன் டிரைவர் ஆகியவற்றைப் படங்களோடு விளக்கும் ஒரு தொடரைத் தங்கள் கணினிப் பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். எங்கள் வகுப்புக்காக வரைந்த படங்களையும் பயிற்சித் தாள்களையும் அதற்கு அனுப்பிவைக்க அணியமாக உள்ளேன்.

இப்படிக்கு,
கணினி வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
கூலாய், ஜொகூர்