ஊரணிக் கரையில போர்வெல் வேண்டாம் மாப்ள

மாப்ள,

நாலு மாசமா உனக்கு ஒரு வரி எழுதல. கோபமா இருப்பே, இருக்கட்டும். வேலைனு சொன்னா நீ நம்பப் போறதில்ல. உடம்பு நல்லாயிருக்கு, சம்பளம் தேதிக்கு வருது. அம்மாவோட கண் ஆபரேஷன் அன்னைக்கு முழுக்க நீ ஆஸ்பத்திரியிலயே இருந்தேன்னு தங்கச்சி சொன்னா. நன்றினு எழுதினா நீ திட்டுவே, அதனால விடுறேன். சின்னவன் இன்னும் அந்தச் சைக்கிளைத் திருப்பித் தரலயாமே? நீயும் கேட்க மாட்டே, அவனும் தர மாட்டான்.

இப்ப எழுதுறது வேற விஷயத்துக்கு. நேத்து நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ்ல, ஊரணி மேல்கரையை ஒட்டி அண்ணன் போர் போடப் போறாரு, ரிக் வண்டிக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சுன்னு போற போக்குல சொன்னே. அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கல.

போன மாசம் ஒரு பம்ப் வேலையா பாத்தினா கடற்கரைப் பக்கம் போயிருந்தேன். ஓமான்ல விவசாயம்னா முதல்ல அந்தக் கடலோரத்தைத்தான் சொல்லுவாங்க. நான் போன தோட்டத்துல பேரீச்சை மரமெல்லாம் கொண்டை கருகி, வெறும் தூணா நிக்குது. தரையில சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி உப்பு பூத்திருக்கு. கிணத்துத் தண்ணியை உள்ளங்கையில ஏந்தி நாக்குல வச்சுப் பாத்தேன், நம்ம வீட்டுக் கிணறு மாதிரியே கரிக்குது. தோட்டக்காரப் பெரியவர், சின்ன வயசுல இதே கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சாராம். அப்ப மாடு கட்டி இறைச்சிருக்காங்க, நம்ம ஊர்க் கவலை இறைப்பு மாதிரி. அப்புறம் ஆளாளுக்கு மோட்டார் வச்சு ராப்பகலா இழுத்தாங்க, பின்னாலேயே கடல் உள்ள வந்திருச்சு.

கூட வந்த இன்ஜினியர் குச்சியால மண்ணுல கோடு போட்டுக் காட்டினார். நல்ல தண்ணி எடை குறைவு, அதனால உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்குது. கடலோர மண்ணுல மேல ஒரு அடி நல்ல தண்ணி இறங்கினா, அடியில உப்பு சுமார் 40 அடி ஏறி வரும்னு கணக்காம். அவர் அந்தக் கோட்டைப் போடும்போதே எனக்கு நம்ம ஊரணிதான் கண்ணுக்குள்ள வந்துச்சு. நம்ம ஊர்ல எங்க தோண்டினாலும் உப்பு. ஊரணி ஓரத்துல மட்டும் நல்ல தண்ணி இருக்குன்னா, அது ஊரணி வருஷக்கணக்கா மழைத் தண்ணியைக் கசியவிட்டுச் சேர்த்து வச்சது. அண்ணன் ஆழமா இறக்கி இழுத்தா, முதல்ல அந்த நல்ல தண்ணி போகும், அடுத்து அவர் மோட்டார்லயே உப்பு வரும். அவருக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம் மாப்ள.

இதே நாட்டுல நிஸ்வா பக்கம் போனா வேற மாதிரி. அங்க ஃபலஜ்னு ஒண்ணு இருக்கு. மலையடிவாரத்துல தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து பூமிக்கடியிலேயே மைல் கணக்கா வாய்க்கால் வெட்டி, லேசான சரிவுல ஊருக்குள்ள கொண்டு வந்து விட்டிருக்காங்க. மோட்டார் கிடையாது. தானா எவ்வளவு வருதோ அவ்வளவுதான். இன்னும் சுமார் 3,000 ஃபலஜ் ஓடுதாம். அதுல அஞ்சை 2006-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாச் சேர்த்திருக்கு, நிஸ்வாவுல இருக்கிற தாரிஸ் ஃபலஜும் அதுல ஒண்ணு. தண்ணி வெளிய வர்ற முதல் இடம் குடிக்கிறதுக்கு மட்டும். அதுக்குக் கீழதான் பள்ளிவாசல், குளிக்கிற இடம், கடைசியாத் தோட்டம். தோட்டத்துக்குப் பங்கு நேரக் கணக்கு. அரை மணி நேரம் ஒரு ‘அதர்’. பகல்ல கம்பு நிழலையும் ராத்திரி நட்சத்திரத்தையும் பாத்து முறை மாத்தியிருக்காங்க. நம்ம கண்மாயில நீர்க்கட்டி முறை வச்சு மடை திறந்துவிடுவாரே, அந்த மாதிரியேதான்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இன்னொண்ணு. அந்தத் தாய்க்கிணத்தைச் சுத்தி ‘ஹரீம்’னு ஒரு எல்லை. அதுக்குள்ள எவனும் கிணறு தோண்டக் கூடாது, சொந்த நிலமா இருந்தாலும் சரி. வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்யுற நாடுடா இது. நம்ம ராமநாதபுரத்துல அதைப்போல எட்டு மடங்கு பெய்யுது. எல்லை வச்சுக் காப்பாத்துறது அவங்க. நாம கரையிலேயே ரிக் வண்டியை ஏத்துறோம்.

பெரியத்தை பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை உரசுற சத்தம் ஞாபகம் இருக்கா? சரக் சரக்குனு நாலு இழுப்பு. செம்மண்ணாக் கிடந்த ஊரணித் தண்ணி விடியுறதுக்குள்ள தெளிஞ்சு நிக்கும். செருப்போட கரை ஏறினதுக்கு நீ வாங்கின அடியும் எனக்கு மறக்கல.

இந்தப் போர் பத்திப் பேசின ஊர்க் கூட்டத்துல நீ வாயே திறக்கலன்னு சொன்னியே, அதுதான் எனக்கு ஆத்தாமை. அண்ணன்கிட்ட எதிர்த்துப் பேச உனக்குச் சங்கடம்னு தெரியும். சண்டை போட வேண்டாம், இந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டு. அவர் வயலுக்குத் தண்ணி வேணும்கிறது நியாயந்தான், அதுக்கு வரத்துக்கால்ல அடைஞ்சு கிடக்கிற சீமைக்கருவேலத்தை வேரோட எடுத்தாலே கண்மாய் பெருகும். ஜேசிபி வாடகையில பாதி என்னுது. ரிக் வண்டிக்குக் குடுத்த அட்வான்ஸ் திரும்பி வரலன்னா அதையும் நானே தர்றேன், அண்ணனுக்கு என் பேரைச் சொல்லு.

வைகாசியில வர்றேன். அதுவரைக்குமாவது அந்த வண்டியைக் கரை ஏறவிடாம பாத்துக்க. நாளைக்கு ராத்திரி போன் பண்றேன், அண்ணன் பக்கத்துல இருக்கும்போது எடு.

உன்
பங்காளி