டிரான்ஸீவர் வாங்கும் முன் வோல்டேஜைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

மாணவர் பக்கத்தில் வீட்டிலேயே மைக்ரோகண்ட்ரோலர் போர்டு செய்வது பற்றி எழுதியது நல்ல விஷயம். ஆனால் கேன் பஸ் (பல போர்டுகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் இணைப்பு) டிரான்ஸீவரை, அதாவது போர்டின் சிக்னலை அந்தக் கம்பிகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிப்பை, ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், பிள்ளைகள் காசை விடுவதே அங்கேதான்.

இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலருக்குள் கேன் கண்ட்ரோலர் (கேன் செய்திகளை அமைத்துக் கையாளும் பகுதி) ஏற்கெனவே இருக்கிறது, வெளியே டிரான்ஸீவர் மட்டும் போதும். சரி, எதை வாங்குவது? மலிவு மாட்யூல்களில் வரும் டிஜேஏ1050, 5 வோல்ட்டில் ஓடுவது, நாம் 3.3 வோல்ட்டில் அனுப்பினாலும் அது புரிந்துகொள்ளும், ஆனால் பஸ்ஸில் வந்ததை நமக்குத் தரும் அதன் ஆர்எக்ஸ்டி பின் 5 வோல்ட்டைத் திருப்பித் தரும், அதைத் தாங்கும்படி இஎஸ்பி32-இன் பின்கள் செய்யப்படவில்லை. உடனே கருகிவிடாது என்பதால் பலர் பிரச்சினையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதுதான் கவலை. பழைய எம்சிபி2551-உம் 5 வோல்ட் ரகம்தான், புதிய போர்டுக்கு அது வேண்டாம்.

என்னைக் கேட்டால் எஸ்என்65எச்விடி230. முழுக்க 3.3 வோல்ட்டில் ஓடும், 5 வோல்ட் டிரான்ஸீவர்கள் இருக்கும் பஸ்ஸிலும் சேர்ந்து பேசும். வேகத்தைத் தீர்மானிக்கும் ஆர்எஸ் பின்னை கிரவுண்டில் போட்டால் முழு வேகம். 5 வோல்ட் சப்ளை எப்படியும் இருக்கிறது என்றால் எம்சிபி2562 எடுக்கலாம், அதில் லாஜிக் வோல்டேஜுக்கென்றே (மைக்ரோகண்ட்ரோலர் பக்க சிக்னலின் வோல்டேஜ், இங்கே 3.3) விஐஓ பின் தனியாக உண்டு.

அப்புறம், ரெடிமேட் மாட்யூல்கள் பலவற்றில் 120 ஓம் ரெசிஸ்டர் முன்பே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது பஸ்ஸின் இரு முனைகளில் மட்டும்தான் இருக்க வேண்டும், நடுவில் இருப்பவற்றில் கழற்றிவிடுங்கள். பவரை அணைத்துவிட்டு பஸ்ஸின் இரு கம்பிகளான கேன்-எச், கேன்-எல் இரண்டுக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 40 காட்டினால் எங்கோ ஒன்று கூடுதலாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்